கடைசிப் பிளேட்டு

மகனுக்குப் படம் எடுக்கப் போன சேலம் ஸ்டூடியோவில், இருட்டறைக் கதவு திறந்ததும் படம் கழுவும் ஹைப்போவின் புளித்த வாடை முகத்தில் அடித்தது. அந்த வாடையில் எனக்கு எப்போதும் ஒன்பது வயது.

யுத்த காலம். ராசிபுரத்தில் பள்ளி வாத்தியாரான அப்பாவிடம், சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுச்சென்ற பித்தளைத் தொலைநோக்கி இருந்தது. படம் பிடிக்கும் கண்ணாடிப் பிளேட்டு கடைகளில் கிடைக்காமல் போய், எங்களிடம் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. மறுநாள் அண்ணன் பட்டாளத்துக்குப் புறப்பட வேண்டும்.

"பெத்த பையன் மொகத்தப் புடிக்காம வானத்துப் பொகையப் புடிக்கறீங்களே, இது அடுக்குமாங்க?" என்றாள் அம்மா.

"அவன் சித்திரையில லீவுக்கு வந்துருவான். இந்த அமாவாசை இருட்டு இன்னிக்கோட போச்சு."

அண்ணன் சிரித்துக்கொண்டே மாடியேறினான். அப்பாவுக்குக் கை நடுங்கும். வானம் நகர நகரத் தொலைநோக்கியின் திருகாணியை மயிரிழையாய்த் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பிசகினால் பிளேட்டில் நட்சத்திரமெல்லாம் கோடாகிவிடும். ஒன்றரை மணி நேரம் பனியில் நின்று அவன்தான் திருப்பினான். பிளேட்டைக் கழுவும் முன்பே கிளம்பியும்விட்டான்.

வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்து நெபுலா, அம்மா சொன்ன அந்த வானத்துப் புகை, கிழிந்த பஞ்சுபோல அதில் விழுந்திருந்தது. பர்மாவிலிருந்து அண்ணன் திரும்பவில்லை. அவன் முகம் எங்கள் வீட்டில் எந்தப் படத்திலும் இல்லை. அம்மா சாகும்வரை நெபுலாவை விட்டுவிட்டு, சுற்றியிருந்த நட்சத்திரங்களை மட்டும் விரலால் தடவுவாள்.

புறப்பட்ட அன்று, சேலம் பஸ் நகரும்போது அண்ணன் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்:

"அழுவாதீங்கம்மா. நச்சத்திரம் கோடு இழுக்காம பொட்டாட்ட உழுந்திருந்தா, அது என்ற கைன்னு வெச்சுக்கங்க. வாரேனுங்க."