ஒரு டம்ளர் பச்சைப் பால்

1. கழுத்தில் மழித்த இடம்

இங்கிலாந்தில் மாடுகளுக்குப் பைத்தியம் பிடித்த செய்தி பேப்பரில் அடிபட்ட சமயம். மைசூரில் எங்கள் கால்நடை லேபுக்கு ஒரு ப்ராஜெக்ட் வந்தது. பிரியான் என்ற புரதம் கெட்டு மூளையை அரிக்கும் அந்த நோய், சில மாடுகளை எளிதில் பற்றும் தன்மை பிறவியிலேயே உண்டா என்று ஜீனைப் பார்க்க வேண்டும். ரத்தம் எடுத்தால் போதும். ஹனூர் பக்கத்துத் தமிழ் ஊர்களுக்கு, தமிழ் தெரிந்த டாக்டர் என்று என்னை அனுப்பினார்கள்.

ஊசி போடும் முன் கழுத்தில் மயிரை மழிப்போம். பழனியம்மாள் என்பவரின் கலப்பின மாட்டுக்கும் மழித்தேன். எதற்கு என்று கேட்டார். "இதுக்குப் பைத்திய நோய் வர வாய்ப்பிருக்கான்னு பார்க்கறோம்மா" என்றேன். என் நாக்கில் சனி.

2. சொசைட்டி வாசலில்

மழித்த மாடு பைத்திய மாடு என்று ஊரே பேசியது. பால் சொசைட்டியில் அவர் பாலை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். நோய் எதுவும் இல்லை என்று நானும் சொல்லிப் பார்த்தேன். மைசூரில் இருந்த கன்னடக்கார பாஸுக்குப் போன் போட்டேன். "மயிர் முளைச்சா சரியாயிடும் ரீ, நீங்க சாம்பிளைப் பாருங்க" என்றார்.

மறுநாள் காலை, வரிசையில் நின்றவர்கள் பார்க்க, பழனியம்மாள் கறந்த பாலை டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"சீக்கு இல்லீன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க. எங்க சோறே இதுலதானுங்க."

வாங்கினேன். "காய்ச்சினதாம்மா?" என்று கேட்டேன்.

கால்நடை டாக்டர்கள் பச்சைப் பால் குடிக்க மாட்டோம். மாட்டிடமிருந்து வேறு காய்ச்சல்கள் தொற்றும் என்று காலேஜிலேயே ஊறிய பழக்கம். பிரியானை நான் நினைக்கவே இல்லை. அது எனக்கு மட்டும்தானே தெரியும்?

சொசைட்டி செயலாளர் சிரித்தார். "டாக்டரே பயப்படறாருங்களே!"

மடமடவென்று குடித்தேன். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. பழனியம்மாள் டம்ளரை வாங்கிக்கொண்டு, "போதும் விடுங்க" என்றார். வெட்கத்தில் என்னால் நிமிர முடியவில்லை.

மாடு அடிமாட்டு விலைக்குப் போனது. பிறகு வந்த ரிப்போர்ட்டில் பயப்பட ஒன்றுமில்லை. அதை அவரிடம் காட்ட எனக்கு முகமில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஊசியை எடுக்கும் முன், அந்த வீட்டில் பாலைக் காய்ச்சச் சொல்லி, நாலு பேர் பார்க்கக் குடியுங்கள். பிறகு போன ஊர்களில் நான் அப்படித்தான் செய்தேன். பழனியம்மாள் ஊரில் மட்டும், அதன்பின் எனக்குத் தண்ணீர் கொடுத்தால்கூட, "காய்ச்சுனதுதானுங்க டாக்டரே" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.