மின்னல் படத்தில் நாதிர்

மித்வல்லிக்குத் தொழில் கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும். பைத்தியம் மின்னல். அலெக்சாந்திரியாவில், அன்ஃபூஷி கடற்கரையை ஒட்டின தெருவில் கீழே ஸ்டூடியோ, மேலே வீடு. பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. குளிர்காலம் வந்துவிட்டால் மட்டும் மனுஷனைக் கையில் பிடிக்க முடியாது. எங்கள் ஊர்ப் புயலுக்குப் பேரும் உண்டு, தேதியும் உண்டு. நவம்பரில் துடைப்பம், டிசம்பர் தொடக்கத்தில் காசிம். மீன்பிடிக்கிறவர்கள் படகைக் கட்டிப்போட்டு வீட்டுக்கு ஓடுகிற நாளில் இவர் காமிராவோடு பால்கனிக்கு வருவார்.

"என்ன உஸ்தா, மேலே இருக்கிறவனோட ஃப்ளாஷுக்கு வாடகை கட்டியாச்சா?" என்று டீக்கடையிலிருந்து கத்துவார்கள். உஸ்தா என்றால் தொழில் தெரிந்த பெரியவர்.

"கல்யாண மாப்பிள்ளைகிட்டதான் சிரி, சிரின்னு கெஞ்சணும். இதுகிட்ட கெஞ்ச வேண்டாம்யா!" என்பார்.

பால்கனித் தரையில் ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் சுண்ணாம்பில் அடையாளம் போட்டிருந்தார். முப்பது வருஷமாக அதே இடம், அதே தெரு. ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பார். மின்னல் அடிக்கிற நொடியில் எது நிற்கிறதோ அதுதான் படத்தில் விழும். அந்த மழையில் யார் நிற்பார்கள்? அதனால் அவர் படங்களில் நனைந்த சுவர்கள் இருக்கும், டிராம் கம்பிகள் இருக்கும், மனுஷ வாடையே இருக்காது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் காசிம் புயலில் எடுத்த படத்தில் ஓர் ஆள் விழுந்தான்.

இருட்டறையில் படம் கழுவுகிற தட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். தாளில் முதலில் மின்னல் வந்தது. பிறகு மருந்துக்கடை மூலை வந்தது. அங்கே கையைக் கட்டிக்கொண்டு நாதிர் நின்றான். எதிர்வீட்டு இன்ஷிராஹின் மகன்; தெருவே அவளை உம்மு நாதிர், அதாவது நாதிர் அம்மா என்றுதான் கூப்பிடும். அதற்கும் இரண்டு வருஷம் முன்பே காணாமல் போனவன். மித்வல்லி தட்டை அப்படியே விட்டுவிட்டார். பேய் என்று நினைத்து அல்ல. அது எப்படி வந்தது என்று அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

ஃபிலிமை வீணாக்காதது ஸ்டூடியோக்காரர்களின் வழக்கம். பாதி எடுத்த சுருளின் நாக்கை, அதாவது நுனியை, வெளியே விட்டுச் சுற்றி, எத்தனை எடுத்தோம் என்று பென்சிலால் எழுதி வைப்பார்கள். மறுபடி போடும்போது அத்தனை படம் தள்ளிவிட்டுத் தொடங்குவார்கள். ஒரே ஒரு சுருளில் மித்வல்லி எழுதவில்லை. நாதிர் கிளம்பின ராத்திரி எடுத்தது அது. புதுச்சுருள் என்று நினைத்து அதையே போட்டு, அவன் இருந்த படத்தின்மேலேயே மின்னலை எடுத்திருந்தார்.

அந்த ராத்திரி நாதிர் மருந்துக்கடை மூலையில், தெருவிளக்கடியில் நின்றுகொண்டு அண்ணாந்து கூப்பிட்டான்.

"மாமா, என்னை நம்ம தெருவோட சேர்த்து ஒண்ணு எடுங்க. ரஷீத் ஊர்ப் பக்கத்துல திருட்டுப் படகு ரெடி. இத்தாலிக்குப் போறேன். அம்மாகிட்ட மூச்சு விட்றாதீங்க, அழுதே என்னை நிறுத்திடுவாங்க. போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன். அப்ப படத்தைக் குடுங்க."

மித்வல்லி நான்கு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டிருக்கலாம். இன்ஷிராஹை எழுப்பியிருக்கலாம். "கடவுள் காப்பாத்துவான், போய்ட்டு வா" என்று பெரிய மனுஷன் மாதிரி வழியனுப்பி வைத்தார். போன் வரவே இல்லை. சுருள் மேஜைக்குள் போனது. அந்தத் தாய் அழுதுகொண்டு வந்தபோது வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் தள்ளியது ஒரு வாரமானது, அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? நல்ல மனுஷன்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி.

படத்தை ஈரத்தோடு கம்பியில் மாட்டிவிட்டு மூச்சு வாங்க வாசலுக்குப் போனார். திரும்பி வந்தால் அதன் முன்னால் இன்ஷிராஹ் நிற்கிறாள். காணாமல் போனவர்களுக்கான மனுவில் ஒட்ட மகனின் படம் பெரிதாக்க வந்திருந்தாள்.

"இது எப்ப எடுத்தது, உஸ்தா?"

"நேத்து ராத்திரி" என்று வாயில் வந்துவிட்டது. மின்னல் நேற்று ராத்திரிதானே. பொய் சொல்லவில்லை, பாவி. அவள் அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்கு மேல் எதைச் சொல்ல?

அன்றுமுதல் ஒவ்வொரு புயலுக்கும் இன்ஷிராஹ் அந்த மருந்துக்கடை மூலையில் போய் நின்றாள். குடையில்லாமல் நின்றாள். குடைக்குள் இருந்தால் மகனுக்கு முகம் தெரியாதாம். மூன்று குளிர்காலம். மித்வல்லி மேலேயிருந்து ஷட்டரைத் திறப்பார். ஒவ்வொரு படத்திலும் அவள் விழுந்தாள், மின்னல் தவறாமல் அவளைக் கொண்டுவந்து கொடுத்தது. அவரால் அந்தப் படங்களைக் கழுவாமலும் இருக்க முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

இந்த வருஷம் துடைப்பம் புயலில் நனைந்து அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிப் பத்து நாள் ஆஸ்பத்திரி. அவள் மகள் ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டாள்.

"இன்னொரு தடவை நனைஞ்சா அம்மாவ மறந்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். நாங்க சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறாங்க. நீங்க சொல்லுங்க உஸ்தா, உங்க வார்த்தையத்தான் நம்புவாங்க."

இது போதாதா ஒரு மனுஷனுக்குச் சாட்டையடி! சொல்கிறேன் என்றார். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினார். காசிம் வந்துவிட்டது.

ராத்திரி பத்து மணிக்குத் தெருவில் கரண்ட் போனது. முதல் மின்னலில் மூலை காலி. இரண்டாவது மின்னலில் அவள் நின்றாள், ஆஸ்பத்திரியிலிருந்து போர்த்திக்கொண்டு வந்த உல்லன் போர்வையோடு. மித்வல்லி காமிராவை அப்படியே போட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் குடையை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினார்.

"உம்மு நாதிர், வீட்டுக்கு வாங்க. அவன் வரமாட்டான்."

"வருவான். நீங்கதானே படம் பிடிச்சீங்க?"

"அது அவன் போன ராத்திரி எடுத்தது. அதே ஃபிலிம்ல தெரியாம மின்னலையும் எடுத்துட்டேன். இதோ இங்கதான் நின்னான். படகுல போறேன்னு சொன்னான். எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும்."

இடி இறங்கியது. அவள் காதில் விழவில்லையோ என்று பயந்து மறுபடி சொன்னார். அவர் வாழ்க்கையில் இரண்டு தடவை சொன்ன உண்மை அது ஒன்றுதான். அவள் குடைக்கு வெளியே ஓர் அடி தள்ளிப் போனாள்.

"நீ என்கூட பிணவறைக்கு வந்தே" என்றாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் வாயில் முதல் 'நீ'. "அவன் காணாமப் போன புதுசுல, கடல்ல ஒதுங்கின உடம்புங்களை ஒவ்வொண்ணா துணி விலக்கிக் காட்டினாங்க. எனக்குப் பார்க்கத் தைரியமில்ல. நான் கண்ண மூடிக்கிட்டேன். இவன் இல்ல, இவன் இல்லன்னு நீதான் பார்த்துச் சொன்னே."

மித்வல்லி குடையைத் தாழ்த்தினார்.

"அதையாவது நிஜமாச் சொன்னியா?"

"அது சத்தியம். அவன் அங்க இல்ல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அடுத்த மின்னல் வரைக்கும் பார்த்தாள், அந்த வெளிச்சத்திலும் பார்த்தாள். அவர் சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை என்று மித்வல்லிக்குப் புரிந்தது.

"சரி, நான் உள்ள போறேன்" என்றாள் கடைசியில். "போய் அவனுக்காக அழறதா, காத்திருக்கிறதா? அதையும் நீயே சொல்லிடு."

அவர் குடையை நீட்டினார். அவள் வாங்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.