கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு

எங்கள் வீட்டில் எல்லாரையும் சோதித்தாகிவிட்டது, என்னைத் தவிர. பேரன் பிறந்த அன்றே உதடு சரியா, கால் வளைந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ரத்தம் பார்த்து இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். மருமகள் முழுகாமல் இருந்தபோது சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். நான் பிள்ளைகளை வீட்டிலேயே பெற்றவள். டாக்டர் கை என்மேல் பட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன்.

அதனால்தான் வீடு வீடாக வரும் நர்ஸம்மா வாயைத் திறக்கச் சொன்னபோது எனக்குப் பிடிக்கவில்லை.

“எங்க மாமியாக்காரியே வாய மூடுன்னுதான் சொல்லுவா. தொறன்னு சொல்ல நீ யாரும்மா?”

“அவங்க மூடச் சொன்னத நான் தொறக்கச் சொல்றேன் ஆயா. பொகையில போடுறியே, அதான் பாக்கணும்.”

துப்பிவிட்டு, கொப்பளித்துத் திறந்தேன். டார்ச் அடித்துக் கன்னத்தை விலக்கியவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். புகையிலையை ஒதுக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. புற்றா என்று திருப்பதியில்தான் பார்க்க வேண்டுமாம்.

அன்றிலிருந்து என் நாக்கு ஓரிடத்தில் நிற்கவில்லை. மாடு கறக்கும்போதும், சோறு வடிக்கும்போதும் அந்தத் திட்டைத் தடவிக்கொண்டே இருந்தது. புகையிலைச் சுருக்குப்பையை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். பிறகு எடுத்து மாட்டுக் கொட்டகையில் செருகினேன். அங்கேயும் போய் நின்றேன்.

பக்கத்து வீடு என் ஓரகத்தியுடையது. இத்தனை வருடமும் ஒரே பொட்டலத்தில் கிள்ளிப் போட்டவர்கள் நாங்கள். நர்ஸம்மா அங்கே போனபோது அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“நல்லாத் துன்னுக்கினு, நடந்துக்கினு இருந்த. அவ டார்ச் அட்சி உனக்கு நோவக் குடுத்துட்டாக்கா” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

திருப்பதி ஆஸ்பத்திரியில், “நோரு தெரு அம்மா” என்று தெலுங்கில் வாயைத் திறக்கச் சொன்ன டாக்டர், கன்னத்தில் துளி சதை வெட்டி எடுத்தார். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். மறுபடி பஸ் ஏறியபோது மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் அத்தே, புத்தூர் தாண்டியும் ஒரு வார்த்த பேசல?”

“நாக்குக்கு வேல கீதும்மா.”

டாக்டர் புற்று இல்லை என்றார். நான் எழுந்துவிட்டேன். உட்காரச் சொன்னார். இப்போதைக்கு இல்லை, விட்டால் ஆகலாம், இனி புகையிலையைத் தொடக்கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். இல்லை என்பதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். திரும்பி வரும் வழியெல்லாம் நாக்கு அங்கேயேதான் இருந்தது.

ஊரில் இறங்கியதும் மருமகளின் போனை வாங்கிக்கொண்டு ஓரகத்தி வீட்டுக்குப் போனேன். அவள் கன்னம் உப்பியிருந்தது.

“இன்னாக்கா சொன்னான்?”

“பொறவு சொல்றேன். துப்பிட்டு வாயத் தொற.”

“நீயும் நர்ஸாயிட்டியா?”

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து திறந்தாள். போன் வெளிச்சத்தில் எல்லாம் சிவப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் என்னுடையதும் எனக்குத் தெரியாமல்தானே இருந்தது.

“எனக்கு ஒண்ணும் வெளங்கல. அடுத்த தபா அந்தப் பொண்ணு வந்தா கதவச் சாத்தாத.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். “அப்ப நீயும் பக்கத்துல வந்து நில்லுக்கா” என்றாள்.