பூஜ்யம் இருந்த இடம்

ராஜகிரி மலை உச்சிக்கு மாலதி இரண்டாம் முறை ஏறியது என் தப்பால். வல்லத்திலிருந்து வரும் என் கல்லூரித் தோழி அவள். வானிலை செயற்கைக்கோளின் சிக்னலை ஆன்டெனா பிடித்துப் பதிவு செய்வது அவள் பங்கு. பதிவான எண்களை வேறு வடிவத்துக்கு மாற்றிப் படமாக்குவது என் பங்கு. கல்லூரிக் கண்காட்சிக்கு மூன்றே நாள்.

முதல் பதிவை மாற்றியபோது படமே இல்லை, வெறும் இரைச்சல். "நீ ஆன்டெனாவைச் சரியாப் புடிக்கல" என்றேன். மறுநாள் வெயிலில் மறுபடி ஏறிப் பதிவு செய்துகொண்டு வந்தாள். மறுபடியும் இரைச்சல். திட்ட வாயைத் திறந்தேன்.

வியர்வையைத் துடைத்தபடி அவள் என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"எல்லா நம்பரும் நூத்தி இருபத்தேழு கிட்டயே சுத்துதே, இன்னாடி அது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதிவு செய்யும் கருவி பூஜ்யம் முதல் இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் எழுதும்; நடுவில் இருக்கும் அந்த எண்தான் அதற்குப் பூஜ்யம். மாற்றும்போது அதைக் கழிக்க வேண்டும். நான் கழிக்கவேயில்லை.

படம் வராமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தேன். திருத்தி, முதல் நாள் பதிவையே ஓட்டினேன். மேகங்கள் வரிவரியாக இறங்கின.

"அப்ப நேத்தே சரியாத்தான் புடிச்சிருக்கனா?" என்றாள்.

"ஆமாம், தப்பு என்னோடது" என்றேன்.

அடுத்த பதிவுக்கு ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு நான்தான் ஏறினேன். பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. அவள் ஒருமுறைகூட அதைச் சொன்னதில்லை.