ஒளித்துவைத்த பொம்மை

எங்கள் வளவு முடியும் இடத்தில் மட்டக்களப்பு வாவி.

மறதி நோய் வந்தபின் என் அம்மாவுக்கு ஒரு பொம்மைதான் பிள்ளை. கிளினிக் தாதி சொல்லி வாங்கினோம். அது மடியில் இருந்தால் அம்மா அமைதியாக இருப்பார். என் மகளைப் பெண்பார்க்க வந்த அன்று, வெட்கப்பட்டு அதை அலுமாரிக்குள் ஒளித்துவிட்டேன்.

தேத்தண்ணீர் கொடுத்துத் திரும்பினால் அம்மாவைக் காணோம். பக்கத்து வீட்டு ஏணைத் தொட்டிலிலும் குழந்தை இல்லை. குழந்தையின் தாய் அந்நேரம் கிணற்றடியில் நின்றிருக்கிறாள்.

வாவிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அம்மா அந்தக் குழந்தையை முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். "அழாத மனே, முழுகினா நித்திரை வரும்."

குழந்தை தப்பியது. அந்த வீட்டார் இரண்டு வளவுக்கும் இடையில் வேலியில் இருந்த வழியைத் தகரத்தால் அடைத்துவிட்டார்கள். மகளின் சம்பந்தமும் கூடிவரவில்லை.

இப்போது பொம்மையை அம்மாவும் நானும் பிளாஸ்டிக் பேசினுக்குள் வைத்துக் குளிப்பாட்டுகிறோம். யார் வந்தாலும் ஒளிப்பதில்லை. "புள்ள நித்திரை, மெதுவாக் கதைங்க" என்கிறேன்.