மேவிஸ் ஹால்க்ரோ சொன்னால் ஐஸ் தாங்கும்

மைனஸ் நாற்பத்தொன்று. லூன் முனை வானொலி நிலையத்தின் கதவு உறைந்து சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேவிஸ் ஹால்க்ரோ தோளால் இடித்துத் திறந்து உள்ளே வருகிறார். அங்கியைக் கழற்றாமலே ஒலிவாங்கிக்கு முன்னால் உட்காருகிறார். அது மின்சாரக் கம்பெனி கொடுத்த அங்கி. முதுகில் கம்பெனியின் சின்னம் தட்டு அளவுக்கு இருக்கும். ஊருக்குள் வரும்போது மட்டும் அதை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்வார். “சின்னம் தெரிஞ்சா திட்டுறாங்க. கழட்டினா குளிருது. வேற என்ன பண்றது, சொல்லுங்க.”

கம்பெனியில் அவர் பூர்வகுடி உறவுகள் துறையின் தலைவர். மாதத்தில் பாதி நாள் தெற்கே நகரத்தில், கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடியில். மீதி நாள் இங்கே வடக்கில், பூர்வகுடிகளான க்ரீ மக்களின் ஆற்றோரத்து ஊர்களில். கம்பெனி இந்த ஆற்றில் அணை கட்டியபோது இவர் பிறந்திருக்கவில்லை. இவருடைய அப்பா வலை உலர்த்திய தீவு இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அதே கம்பெனியில் மகள் சம்பளம் வாங்குகிறார். ஊர் இதை மறப்பதில்லை, இவரையும் மறக்க விடுவதில்லை.

நகரத்துக் கூட்டங்களில் துணைத் தலைவர்கள் திரையில் படம் போட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். மேவிஸ் கைப்பையிலிருந்து உலர்ந்த மூஸ் மான் இறைச்சியை எடுத்து மென்றுகொண்டிருப்பார். “வாய் சும்மா இருந்தா ஏதாவது சொல்லிடுவேன். சொன்னா வேலை போயிடும். அதான் மெல்லுறேன்.” ஊர்களுக்கு அழைத்து வரும் இளம் பொறியாளர்களுக்கு அவர் கொடுக்கும் பயிற்சி ஒன்றே ஒன்றுதான். “எதிர்ல இருக்கிறவர் பேசி முடிச்சிட்டார்னு நினைக்கிறியா? இல்ல. டீயைக் குடி.”

ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டில் அவர் வேண்டாம் என்று சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. சாப்பிடாதவரிடம் இங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். “கம்பெனி எனக்குச் சம்பளம் தர்றது பேசறதுக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. என் வயித்துக்குத்தான் தருது.”

திங்கட்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு, பிங்கோ விளையாட்டு தொடங்கும் முன்பு, லூன் முனை வானொலியில் அவர் ஐஸ் நிலவரம் சொல்வார். சில நிமிடம்தான். ஆனால் வலை எடுக்கவும் விறகு வெட்டவும் பொறி பார்க்கவும் போகிறவர்கள் அதைக் கேட்காமல் ஏரியில் கால் வைப்பதில்லை.

காரணம் அணை. நகரத்தில் குளிர் கூடினால் வீட்டுக்கு வீடு ஹீட்டர் எரியும். மின்சாரம் கூடுதலாக வேண்டும், அணை கூடுதலாகத் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் லூன் முனை ஏரிக்கு வந்து சேர்ந்ததும் ஐஸைக் கரையோரமாகத் தூக்கிப் பிளக்கும். பிளவு வழியே ஏறி ஐஸின் மேல் பரவும். மேலே பனி மூடியிருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பார்த்தால் வெள்ளைத் தரை, கால் வைத்தால் கூழ். பனியில் ஓடும் ஸ்கிடூ வண்டி அதில் இறங்கிவிட்டால் வண்டியும் வெளியே வராது, காலும் வராது.

தண்ணீர் வருவது மேவிஸுக்கு எப்படித் தெரியும்? நகரத்தில் கட்டுப்பாட்டு அறை என்று ஒன்று உண்டு. வடக்கே இருக்கும் அணையின் கதவுகளை அங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே நகர்த்துவார்கள். அந்த அறையில் லெஸ் என்று ஒருவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவருக்குப் புகைபோட்ட வெள்ளைமீன் போகும். அவருடைய மகள் கல்யாணத்தில் மேவிஸ் ஆடியிருக்கிறார். கதவைத் திறக்கும் முன் லெஸ் இவருக்கு ஒரு போன் போடுவார். “அவன் எனக்குத் தம்பி மாதிரி. அக்காகிட்ட சொல்லாம ஒரு சொட்டுத் தண்ணி விடமாட்டான்.”

இந்த வாரத் திங்கட்கிழமை, எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், தன்னைப் பற்றி எழுத வந்திருந்த என்னிடம் இதை அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

முதல் அழைப்பு வழக்கம்போல ஹோரஸ் மஸ்வாகனுடையது. மேவிஸின் அத்தை மகன். அந்த முறைக்கு இங்கே வாய்க்குப் பூட்டு இல்லை.

“எல்டன், அந்தக் கம்பெனிக்காரி வந்துட்டாளா? என் கரண்ட் பில்லை யாரு கட்டுறதுன்னு கேளு.”

எல்டன் பியர்டி வானொலியின் அறிவிப்பாளர், பிங்கோ எண்களை வாசிப்பவரும் அவரே. சிரித்துக்கொண்டே மேவிஸின் பக்கம் ஒலிவாங்கியைத் தள்ளினார்.

“நீ கட்டு மச்சான். விடிய விடிய ஹாக்கி பார்க்கிறது நானா?”

“நீ என்னைக் கட்டியிருந்தா கம்பெனி சும்மாவே கொடுத்திருக்கும்.”

“உன்னைக் கட்டியிருந்தா நானே போய் அணையில குதிச்சிருப்பேன். உன் பொண்டாட்டி ஐடாவுக்குக் கோயில் கட்டணும்.”

“சரி சரி, காலங்காத்தால கொஞ்சாத. வலை எடுக்கப் போறேன். ஐஸ் எப்படி?”

லெஸ் போன் போடவில்லை. எனவே தண்ணீர் விடப்படவில்லை. இத்தனை வருடமும் மேவிஸ் நம்பியது இதைத்தான்.

“தாராளமா போயிட்டு வா. தண்ணி ஏறல, தடம் நல்லா இருக்கு. பிக்கரல் மீன் விழுந்தா எனக்கு ரெண்டு.”

“ரெண்டு தலை தரேன்.”

பிங்கோ தொடங்கியது. மேவிஸ் டின் பாலை ஊற்றி டீ கலந்தார். எல்டன் எண்களை வாசித்துக்கொண்டிருந்தபோது மறுபடி போன் அடித்தது. கரையோரத்தில் வீடு கட்டியிருக்கும் டில்டா ஸ்காச்.

“எல்டன், பிங்கோவை நிறுத்து. மேவிஸ் இருக்காளா? ஏண்டி, தண்ணி மொள்ள ஐஸ்ல துளை போட்டு வச்சிருக்கேன்ல, அது பொங்கி வழியுதுடி. என் வாளி மிதந்து போகுது.”

“எப்போலேர்ந்து அக்கா?”

“நான் இப்பத்தான் பார்க்கிறேன். படிவரைக்கும் வந்தாச்சு.”

மேவிஸ் டீயைக் கீழே வைத்தார். கட்டுப்பாட்டு அறையின் எண்ணை அழுத்தினார். எல்லோருக்கும் கேட்கும்படி போனின் ஒலியைத் திறந்துவிட்டார். எடுத்தது ஓர் இளம் குரல்.

“லெஸ் எங்க?”

“லெஸ் சார் ரிடையர் ஆயிட்டாரே மேடம். வெள்ளிக்கிழமைதான் கேக் வெட்டினோம்.”

“தண்ணி விட்டிருக்கீங்களா?”

“நேத்து சாயங்காலமே. சிட்டில டிமாண்ட் உச்சத்துல இருக்கு. நீங்க எந்தப் பிரிவு மேடம்?”

“யார்கிட்ட சொல்லிட்டு விட்டீங்க?”

“யார்கிட்ட சொல்லணும்?”

அவன் திமிராகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான். வானொலி நிலையத்தில் இருந்த எங்கள் மூவரையும் உலுக்கியது அதுதான். கம்பெனியின் விதிகளில் யாரிடமும் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. இத்தனை ஊர்களின் உயிரும் ஒரு மனிதரின் நல்ல பழக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த மனிதர் கேக் வெட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இதை விதியாக்குங்கள் என்று மேவிஸ் மேலிடத்தில் பலமுறை கேட்டதுண்டு. பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். மீன் வேலை செய்தது, போன் தவறாமல் வந்தது. அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

“மேடம், ஏதாவது பிரச்சினைன்னா இப்பவே குறைச்சிடறேன்.”

“தொடாத!” மேவிஸ் கத்திய கத்தலில் எல்டன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “தண்ணியை இப்ப இறக்கினா ஐஸுக்கு அடியில ஒண்ணும் இருக்காது, அந்தரத்துல தொங்கும். மேல போறவன் நேரா உள்ளதான் போவான். அப்படியே வை. போனையும் கீழ வைக்காத.”

போனை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு, முதலில் க்ரீ மொழியிலும் பிறகு ஆங்கிலத்திலும் பேசினார். “மேவிஸ் பேசறேன். நான் முன்னாடி சொன்னதை மறந்துடுங்க. தண்ணி ஏறுது. யாரும் ஏரியில இறங்காதீங்க. உங்க வீட்டு ஆளுங்க எல்லாம் உள்ள இருக்காங்களான்னு பார்த்து, ஒவ்வொரு வீடா கூப்பிட்டுச் சொல்லுங்க.”

நிலையத்தின் இன்னொரு போன் ஓயவில்லை. “நாங்க எல்லாரும் இருக்கோம்.” “என் தம்பி ஸ்கிடூவை கிளப்பிட்டான், சாவியைப் பிடுங்கிட்டேன்.” “எங்க வீட்டுல நாயைத் தவிர எல்லாரும் உள்ள.” “அப்பா கழிப்பறையில இருக்கார், அதைச் சேர்த்துக்கலாமா?” ஒருவரும் சிரிக்கவில்லை.

கட்டுப்பாட்டு அறைப் பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான். “மேடம், இவங்கல்லாம் யாரு?”

“நீ தண்ணி விட்ட ஊரு.”



ஐடா மஸ்வாகன் கூப்பிட்டபோது பெரும்பாலான வீடுகள் பதில் சொல்லி முடித்திருந்தன. “மேவிஸ், அவர் இல்ல. நீ போகலாம்னதும் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார். பாதி டீ அப்படியே இருக்கு.”

மேவிஸ் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “ஹோரஸ் வெளிய இருக்கான். வலை போடுற திட்டுப் பக்கம். தேடப் போறவங்க கரையோடயே போங்க. ஐஸ்ல குறுக்க யாரும் போகாதீங்க.”

நண்பகலுக்குச் சற்று முன் அவரைக் கண்டுபிடித்தார்கள். வண்டி கைப்பிடிவரை கூழில் இறங்கி அப்படியே உறைந்திருந்தது. அவர் முழங்கால்வரை நனைந்து, கரைவரை தவழ்ந்துபோய், ஊசியிலை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். செவிலியர் நிலையத்தில் அவருடைய கால்சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். அது தகரம்போலச் சத்தம் போட்டது. காலணியைக் கழற்ற முடியவில்லை, அதையும் வெட்டினார்கள். உள்ளே விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன.

மேவிஸ் கட்டில் ஓரத்தில் நின்றார். ஹோரஸ் வழக்கம்போல ஏதாவது வம்பு பேசுவார் என்று அங்கிருந்தவர்கள் காத்திருந்ததுபோலத்தான் இருந்தது. அவர் மேவிஸின் பக்கம் தலையைத் திருப்பினார்.

“நல்லா இருக்குன்னு சொன்னியே மேவிஸ்.”

அவ்வளவுதான். மருத்துவ ஹெலிகாப்டர் பள்ளி மைதானத்தில் இறங்கி அவரைக் கொண்டுபோனது. எத்தனை விரல் மிஞ்சும் என்பதை நகரத்து மருத்துவர்கள் சொல்லவேண்டும்.

பிற்பகலில் தலைமை அலுவலகம் கூப்பிட்டது. சட்டப் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண்மணி, குரலில் அத்தனை கனிவு. ஏரியின் நீர்மட்டம் இயற்கையாகவே மாறக்கூடியது என்று வானொலியில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் போதுமாம். திங்கட்கிழமை அறிவிப்புகளை இனி நிறுத்திக்கொள்ள வேண்டுமாம். ஹோரஸின் பெயரை அவர் கேட்கவே இல்லை.

“இயற்கையா?” என்றார் மேவிஸ். “அந்த இயற்கை நேத்து சாயங்காலம் நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டிருந்துது. காலைல நான் அதோட பேசினேன்.”

மாலையில் மறுபடி வானொலிக்கு வந்தார். “காலைல ஐஸ் நல்லா இருக்குன்னு சொன்னது நான். கம்பெனி நேத்தே தண்ணி விட்டிருக்கு. அது எனக்குத் தெரியாது. தெரியாமலே தெரிஞ்ச மாதிரி சொன்னேன். ஊருக்குச் சொல்லாம கதவைத் திறக்கக் கூடாதுன்னு கம்பெனி விதியா எழுதித் தர்ற வரைக்கும், ஐஸ் நல்லா இருக்குன்னு என் வாயிலேர்ந்து வராது.” எல்டன் போனைப் பார்த்தபடி இருந்தார். பிறகு டில்டா மட்டும் கூப்பிட்டார். “சாப்பிட்டியாடி?” என்று கேட்டார். இல்லை என்றார் மேவிஸ். இந்த ஊரில் அவர் அப்படிச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

வியாழக்கிழமை துணைத் தலைவர் ஒருவர் நேரில் வருவதாகத் தகவல் வந்தது. விதி எழுதப்படுமா, மேவிஸின் வேலை நிலைக்குமா, இரண்டும் அந்தக் கூட்டத்தில் தெரிந்துவிடும் என்று தெற்கே பேசிக்கொள்கிறார்கள். புதன்கிழமை துணைத் தலைவரின் உதவியாளர் மேவிஸுக்குப் போன் செய்தார்.

“மேடம், விமானம் இறங்குற ஏர்ஸ்ட்ரிப் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்காமே? சார் ஐஸ் மேலதான் ஊருக்கு வரணுமாம். ஐஸ் பத்திரமா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா விமானத்துக்குச் சொல்லிடுவேன்.”

“கட்டுப்பாட்டு அறையைக் கேளுங்க தம்பி.”

“கேட்டேன் மேடம். அவங்க உங்களைக் கேட்கச் சொன்னாங்க.”

மேவிஸ் போனை வைத்தார். கதவருகே சாத்தியிருந்த இரும்புக் கடப்பாரையை எடுத்துக்கொண்டார். இந்த முறை போனை நம்பாமல் ஐஸைத் தானே சோதித்துப் பார்க்கக் கரைக்குப் போனார். ஓர் அடி எடுத்து வைக்குமுன் எதிரே இருக்கும் ஐஸில் ஒரு குத்து, காதைச் சாய்த்துக் கேட்டல், பிறகு அடுத்த அடி. அப்படியே அக்கரையை நோக்கி நடந்தார்.

விமானம் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு இறங்குகிறது.