பிரிஜட்டின் கோடி

சிராங்கூன் சாலைத் துணிக்கடையில் சேலை விற்ற இயேசுதாசன், பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில்தான் குடியிருந்தார். எந்தப் பெண்ணுக்கு எந்த நிறம் எடுக்கும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார். வெளிர்நீலத்தைக் காட்டச் சொன்னால் மட்டும் முகம் செத்துவிடும்.

காரணம் அவர் தங்கை பிரிஜட். கோலாலம்பூரில் வாழ்க்கைப்பட்டவள், எழுபத்து நான்காம் வருஷம் திடீரென்று இறந்துபோனாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்திய பிறகுதான் பெட்டியை மூடுவது எங்கள் வழக்கம். கொண்டுபோக வேண்டியவர் அண்ணன். பஸ் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, விமானம் கட்டுப்படியாகாது. வெளிர்நீலச் சேலையோடு தஞ்சோங் பகாரில் ரயில் ஏறினார். வண்டியோ ஊருக்கு ஊர் நின்று, எதிர்வண்டிக்கு வழிவிட்டு ஊர்ந்தது. போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அந்த வெக்கையில் எவ்வளவு நேரம்தான் வைத்திருப்பார்கள்? சேலை அவரோடே திரும்பி வந்தது.

அதன்பிறகு பிரிஜட் அவரை விடவில்லை. கண்ணை மூடினால் வாசலில் நின்று, "இன்னும் வரலையாண்ணே?" என்பாளாம். மனுஷன் பாதியாகிப்போனார்.

எண்பதுகளில் வேகமான எக்ஸ்பிரஸ் வந்தது. காலையில் இங்கே ஏறினால் மாலைக் காப்பி கோலாலம்பூரில். கல்யாணத்துக்குப் போனவர்கள் மறுநாளே வேலைக்குத் திரும்பினார்கள். மாமியார் வீடு பக்கத்தில் வந்துவிட்டதே என்று அலுத்துக்கொண்டவர்களும் உண்டு. இவர் மட்டும், "அன்னிக்கு இது ஓடியிருந்தா..." என்று நிறுத்திக்கொள்வார்.

ஒருநாள் கோலாலம்பூரிலிருந்து போன் வந்தது. அங்கேயே வாழ்க்கைப்பட்ட கடைசித் தங்கை ரோசம்மாவுக்கு உடம்பு மோசம், ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பயத்தில் இவர் செய்த காரியத்தை எதிரிகூடச் செய்யமாட்டான். அலமாரியில் கிடந்த பிரிஜட்டின் கோடியை எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டார். எக்ஸ்பிரஸ் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்த்தது. ரோசம்மா உயிரோடு, கண் விழித்துப் படுத்திருந்தாள்!

அண்ணன் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். "கோடியா? இந்தத் தடவ சீக்கிரமே வந்துட்டீங்க லா," என்று சிரித்து, அதை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இவர் கூனிக் குறுகிப்போனார்.

அவள் பிழைத்துக்கொண்டாள். அடுத்த ஈஸ்டருக்கு இவர் போனபோது, வெளிர்நீலச் சேலையில் ஒருத்தி முதுகைக் காட்டி நின்று வாசல் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அதே முதுகு, அதே கொண்டை.

"வண்டி லேட்டாயிடுச்சும்மா, பிரிஜட்," என்றார்.

"பரவாயில்லண்ணே. இன்னும் பெட்டிய மூடல," என்று திரும்பாமலே பதில் வந்ததாம்.

தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று ரோசம்மா இன்றுவரை சாதிக்கிறாள்.